சொட்டு ஒழுகாது

"சொட்டு ஒழுகாது" என்றுதான்
தைஸ்தோ எனக்கு அந்தப் பழைய டாட்சனை விற்றான்.
பொய் சொல்லவில்லை.
இரண்டு குளிர்காலம், நிறுத்திய இடமெல்லாம்
பனி வெள்ளையாகவே இருந்தது.

மூன்றாவதில், தோர்னியோ போகும் சாலையில்,
கரண்டியால் தகரத்தைத் தட்டுவதுபோல்
அடிவயிற்றில் ஒரு சத்தம்.
பிறகு எதுவுமில்லை.
ஒரு எஞ்சின் இவ்வளவு தூரம் வாயடைக்குமென்று
எனக்கு அதுவரை தெரியாது.

கெமியில், டிசம்பரில், கொட்டகைக்குள்
எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினேன்.
போல்ட்டெல்லாம் கையோடு வந்தபிறகும்
சட்டி வரவில்லை.
மெல்லிய தகடு விட்டு அறுத்தேன்.
விளிம்பு முழுக்க நீலச் சிலிக்கான்.
வெளியே பிதுங்கியதை வழித்துவிட்டிருக்கிறான்,
நேர்த்தியாக, விரலால்.
உள்ளே பிதுங்கியதை யார் வழிப்பது?
அது புழுவாய்த் திரண்டு, அறுந்து, அலைந்து,
எண்ணெய் உறிஞ்சும் வலைமேல்
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்துக்கொண்டது.
சட்டி நிறைய எண்ணெய்.
பேரிங்குகள் தாகத்தில் செத்திருந்தன.

விளிம்பில் உரித்த ஒரு துண்டில்
கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.
சுழி. சுழிக்குக் குறுக்கே ஒரு வெட்டு.
மர ஆலை ரம்பம் போட்ட வெட்டு;
இந்தத் தெருவில் எல்லாருக்கும்
அந்தக் கட்டைவிரலைத் தெரியும்.

தீப்பெட்டியில் போட்டு எடுத்துப்போனேன்.
அவன் மேசையில் திறந்துவைத்தேன்.
பார்த்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு
மறுபடி பார்த்தான்.
காபி ஊற்றினான், எனக்கு மட்டும்.
மன்னிப்பு என்ற சொல்லை அந்த வீட்டில்
யாரும் வாங்கி வைத்திருக்கவில்லை.

மறுநாள் கொட்டகை வாசலில்
கைவிளக்கோடு நின்றான்.
"பிடிக்கிறேன்" என்றான்.
"இதை மட்டும்."

கிராங்கைக் கடைந்து வாங்கினேன். பேரிங் புதுசு.
தக்கை கேஸ்கட் மட்டும் ஓலு வரை
எந்தக் கடையிலும் இல்லை.
கடைக்காரன் ஒரு கறுப்புக் குழாயைத் தள்ளினான்.
வேறென்ன செய்ய. சிலிக்கான்தான், மறுபடியும்.

பிசுக்குப் போகத் துடைத்தேன், இரண்டு தரம்.
குழாயின் மூக்கைத் தீக்குச்சித் தடிமனுக்கு வெட்டினேன்.
ஒவ்வொரு துளைக்கும் உள்பக்கமாய் வளைத்து,
மூலைகளில் மூச்சை நிறுத்தி
ஒற்றைக் கோடாய் இழுத்தேன்.
கை கேட்கவில்லை.
இன்னும் கொஞ்சம், இங்கே இன்னும் கொஞ்சம் என்றது.
விளக்குப் பிடித்தவன் எதுவும் சொல்லவில்லை;
வெளிச்சம் மட்டும் லேசாக ஆடியது.
அப்போதுதான் புரிந்தது.
அவன் அசட்டையாய்ச் செய்யவில்லை,
பயந்து செய்திருக்கிறான்.
ஆலையில் ஆள் குறைத்த வருஷம் அது.
எங்கேயாவது ஒரு இடத்தில்
எதுவும் கசியாமல் இருக்கவேண்டியிருந்தது.

விரலால் முடுக்கி, ஒரு மணி நேரம் பொறுத்து,
பிறகு ஸ்பேனரில் கால் திருகு.
இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை,
காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகும்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஈரமெல்லாம் கடலின் மேல் கட்டையாய்க் கிடக்கிறது.
அடுப்பில் கெண்டியை ஏற்றினேன்.
இரவு முழுக்க முணுமுணுத்தது.
எங்கள் மூவரில் அதிகம் பேசியது அதுதான்.

சனிக்கிழமை சாவியைத் திருப்பினேன்.
சிவப்பு விளக்கு.
ஒன்று. இரண்டு. மூன்று.
அணைந்தது. எண்ணெய் ஏறிவிட்டது.
தைஸ்தோ தொப்பியைக் கழற்றி,
செய்வதறியாமல் திரும்பப் போட்டுக்கொண்டான்.

ஞாயிறு காலை, அடியில் விரித்த அட்டையில்
ஒரு துளி.
அவன்தான் முதலில் முழங்காலிட்டுப் பார்த்தான்.
"ஹெல்கா, ஒழுகுது" என்றான்.
அவன் குரலில் ஏறக்குறைய சந்தோஷம்.

பென்சிலால் துளியைச் சுற்றி
ஒரு வட்டம் போட்டேன்.
பக்கத்தில் தேதி எழுதினேன்.
நாளைக்கு வந்து பார்,
கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று.